பருந்தும் மீன்கொத்தியும்

அன்புள்ள அண்ணனுக்கு,

எங்கள் வீடு உச்சிப்புளிக்குப் பக்கம். கடற்படை ஹெலிகாப்டர் போனால் ஓட்டுக்கூரை அதிரும். "ஏரோப்ளேன் என்ஜின் நின்றால் மிதந்தாவது வரும், இதற்கு றெக்கையே இல்லை, கல் மாதிரி விழும்" என்கிறார் அப்பா. சரியா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

றெக்கை இருக்கிறது. தலைக்கு மேல் சுற்றுவதுதான் அது. சேத்தக் ரக ஹெலிகாப்டரில் மூன்று றெக்கை. இறக்கைமேல் காற்று வேகமாக ஓடினால்தான் அது தூக்கும். அதற்காக விமானம் முழு உடம்போடு ஓடுபாதையில் ஓடுகிறது. ஹெலிகாப்டரில் உடம்பு நிற்க, இறக்கை மட்டும் வட்டமடித்து ஓடுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம். மற்றதெல்லாம் அதனால் வந்த தொல்லைகள்.

உதாரணமாக வால். உங்கள் வீட்டு ஃபேன் சுற்றும்போது அதன் உடம்பும் எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும்; கொக்கி விடாது. ஆகாயத்தில் கொக்கி ஏது? அந்த வேலையை வாலில் உள்ள சின்னக் காற்றாடி பார்க்கிறது.

இனி அப்பாவின் கேள்வி. பனையோலைக் காற்றாடியைக் கருவேல முள்ளில் குத்திக்கொண்டு ஓடியிருப்பீர்கள். அதற்கு என்ஜினா இருந்தது? எதிர்க்காற்றுதானே சுற்றியது. ஹெலிகாப்டரிலும் அப்படித்தான். என்ஜின் நின்றதும், பெடல் மிதிக்காத சைக்கிள் சக்கரம்போல இறக்கை தானாகச் சுற்றும். விமானி உடனே இறக்கையின் சாய்வைக் குறைப்பார். வண்டி இறங்க இறங்கக் கீழிருந்து வரும் காற்று அதைச் சுற்றிக்கொண்டே இருக்கும். தரை நெருங்கும்போது சாய்வைக் கூட்டினால், மிச்சமிருக்கும் சுழற்சி ஒரு தூக்குத் தூக்கி மெல்ல இறக்கிவிடும். விமானிகளுக்கு இது பயிற்சியிலேயே உண்டு. இறங்க நீளமான ஓடுபாதையும் வேண்டாம்.

ஆனால் அப்பா சொல்வது ஓர் இடத்தில் சரி. தென்னை உயரத்தில் அசையாமல் நிற்கும்போது என்ஜின் நின்றால், காற்றைப் பிடிக்க உயரமும் இல்லை, வேகமும் இல்லை. அப்போது கஷ்டம்தான்.

அப்புறம் ஒன்று. உங்கள் ஊர்க் கடற்படைத் தளத்துக்கு ஐ.என்.எஸ். பருந்து என்று பெயர். நல்ல பெயர்தான். ஆனால் பருந்து இறக்கையை விரித்தபடி வழுக்கிப் போகும். அது விமானத்தின் சாதி. கண்மாய்க்கு மேலே ஒரே இடத்தில் படபடவென்று அடித்துக்கொண்டு நின்று, தலைகுப்புற மீன்மேல் விழுமே கறுப்பு வெள்ளை மீன்கொத்தி, அதன் பெயரை வைத்திருக்கலாம். எனக்கு அந்தப் பறவைமேல் கொஞ்சம் ஓரவஞ்சனை உண்டு.