கோடையில் பசுந்தாள் உரம்: கேள்வி பதில்

கேள்வி: வயலில் பாதி தாழ்வு, பாதி மேடு. தக்கைப்பூண்டு போடலாமா, சணப்பையா?

பதில்: இரண்டும் வயலிலேயே வளர்த்து, பச்சையாக மண்ணில் மடக்கி உழுது உரமாக்கும் செடிகள். தாழ்வான பக்கம் தக்கைப்பூண்டு, மேட்டுப் பக்கம் சணப்பை. தக்கைப்பூண்டு தேங்கும் நீரையும் களர், உவர் மண்ணையும் தாங்கும். முளைக்கிற நாட்களில் மட்டும் அதற்கும் தண்ணீர் நிற்கக் கூடாது. சணப்பைக்கு வடிகால் அவசியம். ஏக்கருக்குத் தக்கைப்பூண்டு 20 கிலோ, சணப்பை 10 முதல் 15 கிலோ. மிச்சம் பிடிப்பதாக நினைத்து விதையைக் குறைக்காதீர்கள். இடைவெளி விட்டு நின்றால் செடி கிளைத்து, தண்டு பருத்து, கட்டையாகிவிடும். நெருக்கமாக நின்றால் தண்டு மெலிந்து இளசாக இருக்கும், சீக்கிரம் மட்கும்.

கேள்வி: யூரியா கொஞ்சம் போட்டால் வேகமாக வளருமே ஐயா?

பதில்: வளரும், ஆனால் வேர் முடிச்சு குறையும். மண்ணில் தழைச்சத்து (நைட்ரஜன்) தாராளமாகக் கிடைத்தால், காற்றிலிருந்து பிடித்துத் தரும் பாக்டீரியாவைச் செடி வைத்துக்கொள்ளாது. மணிச்சத்து (பாஸ்பரஸ்) கொடுங்கள். அடுத்த பயிருக்கு அடியுரமாக வைத்திருக்கும் சூப்பர் பாஸ்பேட்டை இதற்கே போட்டுவிடலாம். மடக்கி உழுததும் அது அடுத்த பயிருக்கு வந்து சேரும்.

கேள்வி: 30 நாளாகியும் செடி வெளிறிக் கிடக்கிறது. ஏன்?

பதில்: ஒரு செடியைப் பிடுங்காதீர்கள், முடிச்செல்லாம் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். மண்வெட்டியால் மண்கட்டியோடு எடுத்து, வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். முடிச்சை நகத்தால் பிளந்தால் உள்ளே இரத்தச் சிவப்போ இளஞ்சிவப்போ இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாக இருந்தால் இன்னும் முதிரவில்லை. பச்சையோ பழுப்போ ஆகியிருந்தால் அதன் காலம் முடிந்தது. முடிச்சே இல்லையென்றால், அந்தச் செடிக்கு ஏற்ற ரைசோபியம், அதாவது முடிச்சை உண்டாக்கும் பாக்டீரியா, அந்த நிலத்தில் இல்லாமல் இருக்கலாம். அடுத்த முறை 10 கிலோ விதைக்கு 200 கிராம் ரைசோபியத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து பூசி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி உடனே விதையுங்கள். தக்கைப்பூண்டுக்கான ரைசோபியம் வேறு, சணப்பைக்கானது வேறு. கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: எப்போது மடக்கி உழுவது? இன்னும் பத்து நாள் விட்டால் தழை கூடுமே?

பதில்: பலரும் சறுக்குகிற இடம் இதுதான். 45 முதல் 50 நாளில், பூவெடுக்கத் தொடங்கும்போது உழுதுவிட வேண்டும். அதற்குமேல் எடை கூடும், ஆனால் கூடுவது பெரும்பாலும் நாரும் கட்டையும்தான். முற்றிய தண்டை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். நட்ட பயிர் மஞ்சளித்து நிற்கும். காய் பிடிக்க விட்டால் சத்து விதைக்கு ஏறிவிடும். தாமதமாகிவிட்டால் ரோட்டவேட்டரால் பொடியாக நறுக்கி, மட்குவதற்குக் கூடுதலாக இரண்டு வாரமாவது கொடுங்கள்.

உழும்போது மண்ணில் ஈரம் இருக்க வேண்டும். காய்ந்த மண்ணில் புதைத்த தழை சருகாகவே கிடக்கும். நெல் வயலென்றால் தண்ணீர் கட்டிச் சேற்றில் மிதித்து, 7 முதல் 10 நாள் கழித்து நடலாம். புஞ்சையில் விதை போடுவதானால் 2 முதல் 3 வாரம் பொறுங்கள். பச்சைத் தழை அழுகும்போது நாற்றழுகல் பூஞ்சாணம் பெருகி, முளைக்கிற விதையையும் சேர்த்துத் தின்னும்.

கேள்வி: ஏக்கருக்கு எவ்வளவு தழை கிடைத்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஒரு சதுர மீட்டர் அளந்து வெட்டி நிறுங்கள். நல்லது, சுமார், மோசம் என மூன்று இடத்தில் எடுத்துச் சராசரி பாருங்கள். 2 கிலோ வந்தால் ஏக்கருக்கு 8 டன். அதில் ஏறக்குறைய 30 முதல் 40 கிலோ தழைச்சத்து இருக்கும். அத்தனையும் முதல் பயிருக்கே கிடைத்துவிடாது, எனவே யூரியாவைக் குறையுங்கள், அடியோடு நிறுத்தாதீர்கள்.

கேள்வி: பசுந்தாள் உரத்துக்காகக் கொழுஞ்சி விதைத்தேன், கால்வாசிகூட முளைக்கவில்லை. விதை கெட்டதா?

பதில்: இல்லை, தோல் கடினம், தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. 55 டிகிரி வெந்நீரில் 2, 3 நிமிடம் போட்டு எடுத்து, குளிர்ந்த நீரில் ஆறவைத்து விதையுங்கள். மணலோடு சேர்த்துத் தேய்த்தாலும் போதும். ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ. மெதுவாக வளரும், ஆனால் வறட்சி தாங்கும், மாடும் மேயாது.

கேள்வி: சணப்பையில் கம்பளிப்புழு. மருந்து அடிக்கவா?

பதில்: 40 நாள் ஆகியிருந்தால் அடிக்க வேண்டாம், இன்றே மடக்கி உழுங்கள். இளம் பயிரென்றால் புழு கூட்டமாக இருக்கும் கிளைகளைக் கிள்ளி அழியுங்கள். விதைக்கென ஒரு மூலையைத் தனியே விடுவதானால் அதை மட்டும் கவனமாகப் பாருங்கள். அந்த விதையை மாட்டுக்குக் கொடுக்காதீர்கள், நஞ்சு உண்டு.