இலவசத் தடுப்பூசியைக்கூட ஏன் பாதியில் விட்டுவிடுகிறார்கள்?

"தடுப்பூசி இலவசம்தான், இருந்தும் கிராமங்களில் பலர் முழுசாகப் போடுவதில்லை, அறியாமைதானே காரணம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் சொன்னால் தாய்மார்கள் மேல் பழி போட்டதாகிவிடும். அது நியாயமாகப் படவில்லை.

ராஜஸ்தானின் உதய்ப்பூர் பகுதியில் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனத்துடன் சேர்ந்து பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலானோர் 134 கிராமங்களில் ஓர் ஆய்வு செய்தார்கள். வழக்கமான அரசு ஏற்பாடு மட்டும் இருந்த ஊர்களில் முழுத் தடுப்பூசி போட்ட குழந்தைகள் 6 சதவீதம். மாதம் தவறாமல் முகாம் நடந்த ஊர்களில் 18. முகாமோடு, ஒவ்வொரு தடவையும் ஒரு கிலோ பருப்பும் எல்லா ஊசியும் முடிந்ததும் எவர்சில்வர் தட்டுகளும் கொடுத்த ஊர்களில் 39.

பருப்பு இல்லாத முகாமுக்கும் நிறையப் பேர் வந்தார்கள்; அடுத்தடுத்த ஊசிகளில்தான் விட்டுப்போனது. ஊசியையே வெறுப்பவர்கள் முதல் ஊசிக்கு வந்திருப்பார்களா? ஊசி போட்ட ராத்திரி குழந்தை காய்ச்சலில் அழும், ஒரு நாள் கூலியும் போகும். தட்டம்மை வராமல் போனதோ கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போகிறது. கையில் வாங்கும் பருப்பு அந்தத் தயக்கத்தை உடைக்கிறது.

சரி, செலவு? ஒரு குழந்தைக்கு முழுத் தடுப்பூசி போட்டு முடிக்க, பருப்பு இல்லாத முகாமில் 56 டாலர் ஆனது; பருப்பு கொடுத்த முகாமில் அது 28 ஆகக் குறைந்தது. அதே செவிலியர், அதே சம்பளம், வரும் குழந்தைகள் மட்டும் அதிகம்.

வதந்தியால் பயந்துபோன ஊரில் பருப்பு போதாது. அங்கே ஊரார் மதிக்கும் ஒருவர் வாய்ச்சொல் வேண்டும். ஆனால் எந்த ஊரிலும் முதல் தேவை, சொன்ன நாளில் முகாம் திறந்திருப்பது.