கூரையில்லாத படகு, மே மாத வெயில்
காரைக்குடியிலிருந்து காரங்காடு அலையாத்திக் காட்டைப் படகில் சுற்றிப் பார்க்கப் போகிறீர்கள், கூடவே வயதான அப்பத்தாவும் நாலு வயதுப் பையனும், படகில் கூரை இல்லை, வெயிலை என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். சரி, முதலில் 11 மணிக்குப் படகேறும் யோசனையை விடுங்கள், காலையிலேயே ஏறிவிடுங்கள்.

குடையை நம்பாதீர்கள். கடற்காற்று பிரட்டிவிடும், போதாததற்குத் தண்ணீரில் பட்ட வெயில் கீழிருந்தும் முகத்தில் அடிக்கும். விளிம்பு அகலமான தொப்பி, பிடரியில் நனைத்துப் பிழிந்த துண்டு. காற்றில் ஈரம் காயக் காயக் குளிரும். அப்பத்தாவுக்குப் பருத்திக் கண்டாங்கியே போதும்.

உப்புப் போட்ட நீர்மோரைத் திருகுமூடி பாட்டிலில் எடுங்கள், தூக்குவாளி வேண்டாம், சிந்தும். வழியில் ஒதுங்க இடமிருக்காதே என்று பெரியவர்கள் தண்ணீரே குடிக்கமாட்டார்கள். மயக்கம் அங்கேதான் ஆரம்பம். அடிக்கடி நீங்களே கொடுங்கள். லைஃப் ஜாக்கெட் புழுங்குகிறது என்று பையன் அழுதாலும் கழற்றாதீர்கள்.