கோட்டூர்புரத்து அமைதிக்கு என்ன விலை?

வணக்கம். ஓய்வுபெற்று புனேயிலிருந்து சென்னை திரும்புகிறோம். கோட்டூர்புரத்தில் ஓர் உள்தெருவில், 1985-இல் கட்டிய எட்டு வீட்டுக் குடியிருப்பின் முதல் மாடியில் 900 சதுர அடி வீடு விலைக்கு வந்திருக்கிறது. மனை இரண்டு கிரவுண்ட், யுடிஎஸ் (மனையில் எங்களுக்கு வரும் பிரிக்கப்படாத நிலப் பங்கு) 600 சதுர அடி. அதே விலைக்குப் பக்கத்துத் தெருவில் 1,050 சதுர அடியில் புது வீடே கிடைக்கிறது. அதற்கு யுடிஎஸ் 480. புதியதை வாங்கு என்கிறான் மகன். எனக்கு அந்தப் பழைய தெருவின் நிழலை விட மனமில்லை. "வெறும் அமைதிக்கா இவ்வளவு பணம்?" என்கிறான். என்ன சொல்லட்டும்?

கே. எஸ்., புனே

அன்புள்ள கே. எஸ்.,

முதலில் மகனுக்கு வரைபடத்தைக் காட்டுங்கள். கோட்டூர்புரத்துக்கு வடக்கே அடையாறு. கிழக்கே பக்கிங்காம் கால்வாய், அதை ஒட்டிப் பறக்கும் ரயில். மேற்கே அண்ணா பல்கலைக்கழகம். தெற்கே சர்தார் படேல் சாலையைத் தாண்டினால் ஐஐடியும் கிண்டி தேசியப் பூங்காவும். நந்தனம் போகிற வண்டிகள் காந்தி மண்டபம் சாலையிலும் பாலத்திலும் நெரிந்துகொண்டு போய்விடும். உள்தெருவுக்குள் அங்கே வேலை இருப்பவர்தான் வருவார். நான்கு பக்கமும் இப்படி அடைபட்ட இடத்தை இனி யாராலும் புதிதாக உண்டாக்க முடியாது. அந்த அமைதிக்கு நியாயமான விலை உண்டு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த விலை உட்கார்ந்திருப்பது மண்ணில். கட்டடம் தேயும், மண் தேயாது. ஆகவே இரண்டு வீட்டின் விலையையும் யுடிஎஸ்ஸால் வகுத்துப் பாருங்கள். ஒரே விலைக்குப் பழையதில் 120 சதுர அடி நிலம் கூடுதல். உங்கள் கட்டடம் 4,800 சதுர அடி மனையில் 7,200 சதுர அடி. அந்தக் காலத்து எஃப்எஸ்ஐ, அதாவது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு, 1.5 அது. இப்போது சாதாரண உயரக் கட்டடத்துக்கே 2.0, அதாவது 9,600. அந்த 2,400 சதுர அடி வித்தியாசத்தை நம்பித்தான் பில்டர்கள் பழைய குடியிருப்புகளின் கதவைத் தட்டுகிறார்கள். 2022-ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். எட்டு வீட்டில் ஆறு பேர்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. தெரு குறுகலாக இருப்பதால்தான் அமைதி. அதே குறுகல் மறுகட்டுமானத்தின் கையைக் கட்டும். சாலை 9 மீட்டருக்கு, அதாவது சுமார் முப்பதடிக்குக் குறைந்தால் பிரீமியம் எஃப்எஸ்ஐ (கட்டணம் கட்டி வாங்கும் கூடுதல் எஃப்எஸ்ஐ) கிடையாது. பில்டர் தரும் பங்கும் அதற்கேற்பச் சுருங்கும். டேப் எடுத்துக்கொண்டு போய், எதிரெதிர் காம்பவுண்டு சுவர்களுக்கு நடுவே, தெருவின் மிகக் குறுகிய இடத்தில் நீங்களே அளந்துவிடுங்கள். புரோக்கர் சொல்லும் 'முப்பதடி ரோடு' பல இடத்தில் இருபத்தைந்துகூடத் தேறாது.

அடுத்தது வெள்ளம். 2015 டிசம்பரில் அடையாறு இந்தப் பகுதிக்குள் புகுந்தது. ஒதுக்குப்புறத்தைத் தந்த ஆறுதான் அந்தத் தண்ணீரையும் தந்தது. ஒன்றை விட்டு ஒன்றை வாங்க முடியாது. ஆனால் தெருவுக்குத் தெரு மட்டம் மாறும். வீட்டுக்காரரை விட்டுவிட்டு, அங்கே பல வருடம் இஸ்திரி போடுபவரிடம் கேளுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற இடத்தைக் கையாலேயே காட்டுவார். பிறகு ஈபி மீட்டர் போர்டு அந்த உயரத்துக்கு மேலே இருக்கிறதா, சம்ப் வாய் தரைக்கு மேல் எழுப்பிக் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய தெருக்களில் சுரண்டாமலே திரும்பத் திரும்பத் தார் போட்டுச் சாலை உயர்ந்து, வாசல் பள்ளமாகிவிடும். அப்போது மழைநீரோடு தெருச் சாக்கடையும் தரைத்தளக் கழிவறை வழியாக மேலேறும். கழிவுநீர்க் குழாயில் ஒருவழி வால்வு இருக்கிறதா என்று சங்கத்தைக் கேளுங்கள். உங்கள் வீடு முதல் மாடிதான், ஆனால் சம்ப்பும் மோட்டாரும் எல்லோருக்கும் பொது. பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுக் காப்பீட்டு பாலிசி வெள்ளச் சேதத்தையும் சேர்த்தே வருகிறது. நிலத்தின் விலையை விட்டுவிட்டு, கட்டடத்தைத் திரும்பக் கட்டும் செலவுக்குப் போட்டால் போதும்.

நாற்பது வருடக் கட்டடம் என்பதால் கம்பியில்தான் கவனம். கீழ்வீட்டுக்காரர் அனுமதித்தால், உங்கள் குளியலறைக்கு நேர் கீழே உள்ள கூரையைச் சாவிக்கொத்தால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது. பொத்தென்று கேட்டால் உள்ளே கம்பி துருவேறி உப்பி, பூச்சைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. பால்கனி அடிப்பாகத்தையும் அப்படியே பாருங்கள். தூணின் அடியில் நெடுக்காக விரிசல் ஓடினால் கட்டமைப்புப் பொறியாளரை அழைக்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கடன் தேவையென்றால் வங்கியிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்; கட்டடத்தின் மீதி ஆயுளைப் பார்த்துத்தான் தவணைக் காலம் கொடுப்பார்கள்.

பத்திரச் செலவு: பழைய வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். புது வீட்டின் முதல் விற்பனைக்கு, 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை, 5 + 2. மகனின் கணக்கில் இந்த 2 சதவீத வித்தியாசத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அது நியாயம்.

இப்படிப்பட்ட தெருவில் வருடத்துக்கு ஓரிரு வீடுதான் கைமாறும். அதனால் கேட்கும் விலைக்கும் படியும் விலைக்கும் இடைவெளி பெரிது. பக்கத்து மனைகளின் சர்வே எண்ணுக்கும் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், பதிவான தொகை தெரியும். குறைத்துக் காட்டிய பத்திரமும் அதில் இருக்கும் என்பதால் மூன்று நான்கையாவது ஒப்பிடுங்கள்.

என்னைக் கேட்டால் பழைய வீடுதான். தூண் நன்றாக இருந்து, மீட்டர் போர்டு 2015 தண்ணீர் நின்ற உயரத்துக்கு மேல் இருந்தால் வாங்குங்கள். இரண்டில் ஒன்று தவறினாலும் விலையைக் குறைத்துப் பேசுங்கள். இரண்டும் தவறினால் அடுத்த வீடு வரும்வரை வாடகைக்கு அதே தெருவில் குடியேறிக் காத்திருங்கள்.