கத்திரி வெயிலில் நாயும் பூனையும்: கால்நடை மருத்துவர் பதில்கள்

வேலூர் வாசகி: ஐயா, மாலை நடைக்குப் பின் எங்கள் பக் நாய் மூச்சிரைத்து, எச்சில் வழிய, தள்ளாடி விழுந்தது. உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம். அது சரிதானா?

முதலில் உடலைக் குளிர்வித்திருக்க வேண்டும். வண்டியை எடுப்பது அதற்குப் பிறகுதான். நமக்கு வியர்ப்பதைப் போல நாய்க்கு உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கிலும் மூச்சுப் பாதையிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போதுதான் அதன் சூடு தணிகிறது. சப்பை மூக்குள்ள பக், புல்டாக் போன்றவற்றுக்கு அந்தப் பாதையே குறுகல் என்பதால், வெயில் தாழ்ந்த பிறகும் காற்று புழுக்கமாக இருந்தாலோ தார்ச்சாலையின் சூடு ஆறாமல் இருந்தாலோ அவை மயங்கி விழக்கூடும். இயல்பாக 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும் உடல் வெப்பம் 105ஐத் தாண்டினால் குடல், சிறுநீரகம், மூளை எல்லாம் பாதிக்கப்படலாம்.

நிழலில் கிடத்தி, கழுத்திலும் வயிற்றிலும் தொடையிடுக்கிலும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே மின்விசிறியைச் சுழல விடுங்கள். மே மாதத்தில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே சுடும் என்பது அவசரத்தில் யாருக்கும் நினைவு வராது. கையை நீட்டிப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். ஈரத்துண்டால் மூடிவைத்தால் சூடு உள்ளேயே தங்கிவிடும். மயக்கத்தில் இருக்கும்போது வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது. வெப்பம் 103.5க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்திவிட்டுப் புறப்படுங்கள். நாய் எழுந்து நடந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். சிறுநீரகக் கோளாறு ஓரிரு நாள் கழித்தும் தலைகாட்டலாம்.

திருச்சி வாசகர்: பழைய சோற்றில் மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் சேர்த்துக் கொடுக்கிறோம். குளிர்ச்சிதானே?

வெங்காயத்தை இன்றே நிறுத்துங்கள். அது நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்கும். உப்பில்லாத மோரைச் சிறிதளவு கொடுக்கலாம். ஆனால் எந்நேரமும் நிழலில் தண்ணீர் இருப்பதே அதைவிட முக்கியம்.

மதுரை வாசகி: பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. உடம்பும் சுடுகிறது. பாராசிட்டமால் கால் மாத்திரை தரலாமா?

கூடவே கூடாது, அந்தக் கால் மாத்திரையே பூனையைக் கொன்றுவிடலாம். ஓய்வாக இருக்கும் பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்குவதே ஆபத்தின் அறிகுறி என்பதால், தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

வேளச்சேரி வாசகர்: 2015 வெள்ளத்தில் நாயோடு மாடியில் தவித்தோம். இனி எப்படித் தயாராவது?

தடுப்பூசிப் புத்தகம், ஒரு வாரத்துக்கான தீவனம், வழக்கமான மருந்துகள், கழுத்துப்பட்டை, சங்கிலி ஆகியவற்றை நீர் புகாத பையில் ஐப்பசி பிறக்கும் முன்பே எடுத்து வையுங்கள். தூக்கிச் செல்லும் கூண்டைச் சாதாரண நாட்களிலேயே பழக்கிவிட வேண்டும், ஏனெனில் வெள்ளம் வந்த நாளில் முதன்முதலாகக் கூண்டைப் பார்க்கும் நாய் அதற்குள் எளிதில் நுழையாது. எலிக்காய்ச்சல் வெள்ள நீரில் பரவும் என்பதால் அதற்கான தடுப்பூசியை ஆண்டுதோறும் போடுங்கள். நாயை விட்டுவிட்டு வெளியேறியே ஆக வேண்டிய நிலை வந்தால், கட்டை அவிழ்த்துவிட்டு, மாடிக்குச் செல்லும் கதவைத் திறந்து வையுங்கள்.