வேல்ஸ் நாட்டில் மலைகளின் உயரத்தைத் திரும்ப அளந்து பட்டியலை மாற்றுகிறார்களே, இது வெட்டி வேலை இல்லையா?

வெட்டி வேலை என்று முடிவு செய்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறீர்கள். "குன்று மலையாகிவிட்டது" என்று எங்கேயோ செய்தி படித்திருப்பீர்கள், சிரிப்பு வந்திருக்கும். நியாயம்தான். ஆனால் நான் சர்வேயர். லெவல் எடுத்தே வயிறு வளர்க்கிறவன், இப்போது தெற்கு வேல்ஸில் இருக்கிறேன். இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு என்னால் சும்மா போக முடியவில்லை.

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். இங்கே மலையேறிகளுக்குப் பட்டியல் பைத்தியம் உண்டு. 2000 அடி, அதாவது 609.6 மீட்டர் இருந்தால் மலை, குறைந்தால் குன்று. நந்த்லே மலைத்தொடரின் கடைசியில் மினித் கிரைக் கோக் என்று ஒன்று இருக்கிறது. வரைபடத்தில் 609 மீட்டர். 2008இல் ஜான் பர்னார்ட், கிரஹாம் ஜாக்சன், மிர்தின் பிலிப்ஸ் என்ற மூன்று ஆர்வலர்கள் கருவியோடு ஏறி அளந்தார்கள். 609.75 வந்தது. கோட்டுக்கு மேலே 15 சென்டிமீட்டர், ஒரு சாண்கூட இல்லை. பிரிட்டனின் அரசு வரைபட அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வே அந்த அளவை ஏற்றுக்கொண்டது, குன்று மலையானது.

"அப்போ அத்தனை வருஷம் வரைபடம் தப்பா?" என்று உடனே கேட்பார்கள். தப்பில்லை. அந்த உயரங்கள் பெரும்பாலும் விமானப் படங்களை வைத்துக் கணக்கிட்டவை, சில மீட்டர் முன்னே பின்னே இருக்கும். வழி பார்த்து நடக்க அது தாராளமாகப் போதும். கோட்டை ஒட்டி நிற்கும் மலைக்குத்தான் அது போதாது.

அளப்பதும் போனை நீட்டிப் பார்க்கிற சமாச்சாரம் இல்லை. உச்சியில் எந்தப் பாறை உயர்ந்தது என்பதையே லெவலும் (மட்டம் பார்க்கும் கருவி) ஸ்டாஃப்பும் (அளவு குறித்த நீளக் கோல்) வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும், கண் ஏமாற்றிவிடும். அப்புறம் அந்த இடத்தில் ஜிபிஎஸ் ரிசீவரை வைத்துவிட்டு மணிக்கணக்கில் குளிரில் காத்திருக்க வேண்டும். செயற்கைக்கோளுக்குக் கடல் மட்டம் தெரியாது. அது தருகிற எண்ணை, 1915 முதல் 1921 வரை கார்ன்வாலின் நியூலினில் பதிவு செய்த சராசரிக் கடல் மட்டத்துக்கு மாற்ற வேண்டும். அந்த மாற்றும் கணக்கைத் திருத்தினாலே உயரம் மாறும். இங்கிலாந்தில் காஃப் டாப் என்ற மலை 2016இல் அப்படித்தான் 609.606 மீட்டர் ஆகி, ஆறு மில்லிமீட்டரில் தேறியது. இதற்கு நீங்கள் சிரித்தால் நானும் கூடவே சிரிப்பேன். ஆனால் கோட்டைப் போட்டவன் சர்வேயர் இல்லையே! கோடு எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும், இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்டால் அளந்துதானே சொல்ல முடியும்?

ஏதோ சுற்றுலாவுக்காக ஏற்றிவிடுகிறார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. இறக்கியதும் இருக்கிறது. பிரெக்கன் பீக்கன்ஸில் வான் அ பீக், 700 மீட்டரைத் தாண்டிய மலை. உச்சியில் பலகை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பாறையில் நின்று எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். இரண்டாயிரம் அடி மலைகளின் 'ஹியூவிட்' பட்டியலில் இருக்க, உயரம் மட்டும் போதாது, பக்கத்துப் பள்ளத்திலிருந்து 30 மீட்டராவது எழுந்து நிற்க வேண்டும். 2018இல் அளந்தபோது 28 மீட்டர் சொச்சம்தான். பட்டியலிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

என்னோடு வேலை பார்க்கிற உள்ளூர்க்காரர் ஒருவர் அந்தப் பட்டியலை முழுசாக முடிக்கத் துடிப்பவர். வான் அ பீக்கை அவர் எப்போதோ ஏறி டிக் போட்டாயிற்று. "ஏறின கால் ஏறினதுதானே, விடுங்க" என்றேன். விடவில்லை. ஒரு சனிக்கிழமை பழைய லெவலையும் முக்காலியையும் என் தோளில் ஏற்றிக் கூட்டிப்போனார். உச்சியில் பிரச்சினை இல்லை, பள்ளத்தில்தான். மேட்டிலிருந்து மேட்டுக்குப் போகும் வழியில் மிகத் தாழ்வான இடம் எது என்று அந்தச் சதசத நிலத்தில் பார்த்துச் சொல்லவே முடியாது. ஸ்டாஃப்பை ஊன்றினால் கறுப்புச் சேற்றில் மெதுவாக இறங்குகிறது, ரீடிங் எடுக்க எடுக்க எண் மாறுகிறது. கடைசியில் என் டிபன் டப்பா மூடியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் நிறுத்தினேன். காற்றில் அவர் கத்தியது எனக்குக் கேட்கவில்லை, நான் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. எங்கள் அளவும் 30ஐத் தொடவில்லை. (இதை அதிகாரபூர்வமான அளவு என்று நான் சொல்லவில்லை, கமெண்டில் வந்து பிடித்துக்கொள்ளாதீர்கள்.) மனிதர் லெவலைப் பெட்டியில் வைத்து மூடினார், "சரி, நியாயம்தான்" என்றார். அன்றே பட்டியலில் அடித்துவிட்டார்.

இந்த ஒரு வார்த்தையை ஊரில் யார் வாயிலிருந்தாவது வாங்க முடியுமா? லீவில் போனால் போதும், "சர்வேயர் வந்துட்டார்" என்று எல்லைத் தகராறுக்கு இழுத்துவிடுவார்கள். போன தடவை பெரியப்பா பையன் காம்பவுண்டு சுவருக்கு. டேப் பிடித்து, எல்லைக்கல் பார்த்து, சுவர் அடுத்தவர் மனையில் ஏறியிருக்கிறது என்று சொன்னேன். அவன் போனை எடுத்து மேப்பில் நீலப் புள்ளியைக் காட்டி, "இதுல சரியாத்தானே இருக்கு?" என்கிறான். அந்தப் புள்ளி நாங்கள் நின்ற இடத்துக்கு எதிரே ரோட்டில் இருந்தது. இன்னும் என்னோடு பேசுவதில்லை, அண்ணியும்தான். இதில் படிப்பு, ஃபாரின் என்று குத்தல் வேறு.

சரி, கேள்விக்கு வருகிறேன். எல்லா மலையும் இப்படி மாறுவதில்லை. கிளிடர் வௌர் 2010இல் 999இலிருந்து 1000.8 ஆனது, வேல்ஸில் ஆயிரம் மீட்டரைத் தொட்டவை ஐந்தாயின. அதே ஆண்டு ட்ரைவனையும் அளந்தார்கள். வரைபடத்தில் 915, மூவாயிரம் அடிக் கோடு 914.4. மூவாயிரம் அடி மலைகளின் பட்டியலிலிருந்து விழுந்துவிடுமோ என்று சந்தேகம் இருந்தது. 917.5 வந்தது, அது இருந்த இடத்திலேயே இருக்கிறது.