பார்க்குக்கு விட்ட இடத்தில் கடை கட்டலாமா? ஏரியா சபைக்குப் போகுமுன் கேட்டவையும் பதிலும்

அடுத்த ஏரியா சபைக் கூட்டத்தில், அதாவது வார்டின் ஒரு பகுதி வாக்காளர்கள் கூடிப் பேசும் கூட்டத்தில், மாநகராட்சியிடம் எதை, எப்படிக் கேட்பது என்று மதுரையின் பல பகுதிகளில் இருந்து கேள்விகள் அனுப்பியிருந்தீர்கள். உள்ளாட்சிப் பொறியியல் பிரிவில் ஓவர்சியராகச் சேர்ந்து, எஸ்டிமேட் (செலவு மதிப்பீடு) போட்டும் எம்-புக் (முடிந்த வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகம்) எழுதியுமே காலத்தை ஓட்டியவன் நான். தெரிந்தவரை சொல்கிறேன்.

எங்கள் லேஅவுட்டில் பார்க்குக்கு என்று விட்ட இடத்தில் கடைகள் கட்டப் போகிறார்களாம். "மாநகராட்சி இடம், மாநகராட்சி கட்டுது, உங்களுக்கு என்ன?" என்கிறார்கள். நாங்கள் கேட்கவே முடியாதா ஐயா? – ஆனையூரில் இருந்து ஒரு அம்மா

தாராளமாகக் கேட்கலாம் அம்மா. அந்த இடம் மாநகராட்சி காசு கொடுத்து வாங்கிய இடம் இல்லை. மனைப்பிரிவு போடும்போது, சாலைக்கு விட்டது போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். இன்றைய விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் அதற்குப் பதிலாகப் பணம் கட்டவும் முடியாது, நிலமாகவேதான் கொடுக்க வேண்டும். அந்த நிலத்துக்கான விலை, மனை வாங்கிய ஒவ்வொருவரும் கொடுத்த காசுக்குள்ளேதான் இருக்கிறது. மாநகராட்சி அதை உங்கள் சார்பில் வைத்துப் பாதுகாக்கிறது, அவ்வளவுதான்.

பெங்களூரில் இப்படித்தான் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்தார்கள். அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். "உங்களுக்கு என்ன பாதிப்பு?" என்ற கேள்வி அங்கேயும் வந்தது. 1991-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்றது. கேட்கும் உரிமை குடியிருப்பவர்களுக்கு உண்டு என்பதையும் ஏற்றுக்கொண்டது.

ஆனால் வாய்ப்பேச்சோடு போகாதீர்கள், காகிதத்தோடு போங்கள். முதலில் உங்கள் வீட்டுப் பத்திரத்தோடு இருக்கும் மனைப்பிரிவு வரைபடத்தை எடுங்கள். அதில் 'பூங்கா' என்று எழுதிய கட்டமும் அதன் அளவும் இருக்கும். அப்புறம் அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், தானப் பத்திரத்தின் எண்ணும் தேதியும் கிடைக்கும். ஒரு விஷயம்: ஆனையூர் 2011-இல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தது, அதுவரை தனி நகராட்சி. அதனால் பத்திரத்தில் மாநகராட்சியின் பெயரைக் காணோமே என்று பயப்பட வேண்டாம், அதற்கு முன் போட்ட மனைப்பிரிவு என்றால் பழைய உள்ளாட்சியின் பெயரில்தான் இருக்கும். அவனியாபுரம், திருப்பரங்குன்றம், திருநகர், விளாங்குடிக்காரர்களுக்கும் இதேதான்.

அந்தத் தானப் பத்திரத்தின் சான்று நகல் எடுத்ததும், நான்கு பேர் டேப் பிடித்து அந்த இடத்தை அளந்து பாருங்கள். வரைபடத்தில் 40 சென்ட் இருந்து தரையில் 31 சென்ட்தான் நின்றால், கடை விவகாரத்தை விடப் பெரிய கேள்வி ஒன்று உங்கள் கையில் இருக்கிறது.

செல்லூரில் எங்கள் தெருவுக்குப் புதிதாக சிமென்ட் வாய்க்கால் வருகிறது. நல்லதுதானே? இதில் என்ன கேட்க வேண்டும்?

நல்லதா இல்லையா என்பதை ஒரே ஒரு எண் சொல்லிவிடும் தம்பி. வாய்க்கால் தொடங்கும் இடத்தில் அதன் அடிமட்டம் எவ்வளவு, முடியும் இடத்தில் எவ்வளவு? எஸ்டிமேட்டோடு இருக்கும் நீள்வெட்டுப் படத்தில், அதாவது வாய்க்காலின் மட்டத்தை நீளவாக்கில் காட்டும் படத்தில், இரண்டும் இருக்கும்.

2024 அக்டோபர் 25 உங்களுக்கு மறந்திருக்காது. கால் மணி நேரத்தில் 4.5 செ.மீ. மழை. செல்லூர் கண்மாய்த் தண்ணீரும் பந்தல்குடி வாய்க்கால் தண்ணீரும் வீட்டுக்குள் வந்தன. அன்று தண்ணீர் நின்ற கறை இன்னும் சில சுவர்களில் இருக்கும். அந்தக் கறைக்கும் தெருவுக்கும் உள்ள உயரத்தை அளந்து எழுதி வையுங்கள். பொறியாளர் முன்னால் வைக்க அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

நான் வேலை பார்த்த ஓர் ஊரில், கண்ணாடி மாதிரி பூசிய புது வாய்க்கால், பார்க்க அவ்வளவு அழகு. போய்ச் சேர வேண்டிய பெரிய வாய்க்காலின் தரை அதைவிட ஒரு சாண் உயரம். யாரும் அதைப் பார்க்கவில்லை. முதல் மழையில் தண்ணீர் திரும்பி வந்து, கடைசி வீட்டுப் பாட்டி அரிசி மூட்டையைக் கட்டில் மேல் தூக்கி வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே விடிய விடிய உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டு வாசலில் நின்ற நாளில் இருந்து, எந்த வேலை என்றாலும் "தண்ணீர் எங்கே போகும்?" என்பதைத்தான் முதலில் கேட்கிறேன். நீங்களும் அதையே கேளுங்கள்.

சாலைக்கும் இது பொருந்தும். பழைய தார் மேலேயே புதுத் தாரைப் போட்டுப் போட்டு, படியேறிப் போன வீட்டுக்கு இன்று படி இறங்கிப் போகிறோம். பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, மட்டம் உயராமல் போட வேண்டும் என்று 2021 மே மாதமே தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டுவிட்டார். எஸ்டிமேட்டில் 'சுரண்டுதல்' என்ற இனம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வேலை நடக்கும் அன்று அது நடக்கிறதா என்றும் பாருங்கள்.

மெட்ரோ எங்கள் தெரு வழியாக வருமா? கவுன்சிலரிடம் கேட்கலாமா?

அது மாநகராட்சியின் வேலை இல்லை. திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரை 32 கி.மீ. திட்ட அறிக்கை சென்னை மெட்ரோ நிறுவனம் தயாரித்தது. 20 லட்சம் மக்கள்தொகை இல்லை என்பதைக் காட்டி மத்திய அரசு 2025 நவம்பரில் அதைத் திருப்பி அனுப்பியது. சபை நேரத்தை இதில் செலவழிக்காதீர்கள்.

அம்மா கீழமாரட் வீதிப் பக்கம் பல வருடமாகப் பூ விற்கிறார். தெருவை அழகுபடுத்தப் போகிறோம், நாளைக்கே காலி செய்யுங்கள் என்கிறார்கள் அண்ணே.

நாளைக்கே என்று சொல்ல முடியாது. 2014-ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டப்படி, இடம் மாற்றுவதற்கு 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். நகர விற்பனைக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும். அதில் 40 சதவீதம் பேர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும். அம்மாவுக்குத் தெரு வியாபாரி அடையாள அட்டை இருக்கிறதா? இல்லை என்றால் இன்றைக்கே அதற்கு மனுக் கொடுங்கள், ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். மாற்றிடம் எங்கே, அங்கே பூ வாங்க ஆள் வருமா என்று சபையில் எழுந்து கேளுங்கள். மீனாட்சியம்மன் கோவிலுக்குப் போகிறவர்களை நம்பி விற்கும் பூவை, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் வைத்து யாரிடம் விற்பது? இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

வண்டியூர் கண்மாயைச் சுற்றி நடைபாதை, விளக்கு, படகு எல்லாம் போடுகிறார்கள். மற்ற கண்மாய்களுக்கும் வரும் என்கிறார்கள். எதிர்ப்பது சரியா?

நடைபாதையை எதிர்க்க வேண்டாம். காலையில் நடக்க இடம் இல்லாமல் பைபாஸில் லாரிக்கு நடுவே நடக்கும் பெரியவர்களுக்கு அது தேவை. ஆனால் மூன்று விஷயம் எழுத்தில் வேண்டும். நீர்ப்பரப்பு வேலைக்கு முன் எத்தனை ஏக்கர், பின் எத்தனை ஏக்கர். கலுங்கின் (நிரம்பிய தண்ணீர் வழிந்தோடும் இடம்) உயரமும் மடைகளும் (தண்ணீர் திறந்துவிடும் வாய்) அப்படியே இருக்குமா. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் வழியாகச் சாக்கடை வருவதை நிறுத்த என்ன ஏற்பாடு. சாக்கடை நிற்காமல் விளக்குப் போட்டால், நாற்றத்துக்கு வெளிச்சம் போட்ட கதைதான்.

கண்மாய் நீர்வளத் துறையுடையது என்றால் அவர்களின் தடையின்மைக் கடிதமும் வேண்டும். எல்லைக்கல் நட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. கண்மாய்களை அளந்து எல்லை குறித்து ஆக்கிரமிப்பை அகற்றவே 2007-இல் தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். நடைபாதையை எல்லைக்கு உள்ளே தள்ளிப் போட்டால், அதற்கு வெளியே விழும் துண்டு நிலம் நாளைக்கு யாருடையதோ ஆகிவிடும்.

ஏரியா சபையில் பேசுவதை யாராவது மதிக்கிறார்களா? போன முறை டீ குடித்துவிட்டு வந்தோம்.

உங்கள் வருத்தம் நியாயம். இருந்தாலும் அந்த ஏரியாவின் வாக்காளர் ஒவ்வொருவரும் சபையில் உறுப்பினர். அழைப்பு வந்தால்தான் போக வேண்டும் என்பதில்லை. பேசியது காற்றோடு போகும், பதிவேட்டில் ஏறியதுதான் நிற்கும். கோரிக்கையை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி, சர்வே எண், தெருப் பெயர் போட்டு, இருபது முப்பது பேர் கையெழுத்தோடு கொடுங்கள். நடவடிக்கைக் குறிப்பில் அது ஏறியதா என்று எழுந்து போவதற்கு முன்னாலேயே படித்துப் பார்த்துவிடுங்கள்.

அதைவிட முக்கியம் நேரம். டெண்டர் விடுவதற்கு முன் கேட்டால் எஸ்டிமேட்டைத் திருத்துவார்கள். ஒப்பந்ததாரர் ஜல்லி இறக்கிய பின் கேட்டால் உங்களுக்கும் அவருக்கும் சண்டைதான் மிச்சம். நகரின் நிலப் பயன்பாட்டைத் தீர்மானிக்கும் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) வரைவு வெளியானால் ஆட்சேபணை சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் கொடுக்க வேண்டும் என்று 1971 நகர் ஊரமைப்புச் சட்டமே சொல்கிறது. அந்த இரண்டு மாதத்தைத் தூங்கிக் கழிக்கக் கூடாது.

நமக்கு நாமே திட்டத்தில் பூங்காவை நாங்களே சீர்செய்ய முடியுமா?

முடியும். பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட வேண்டும், மீதியை அரசு போடும். ஆனையூர் அம்மா இதைக் கவனியுங்கள். கடை வேண்டாம் என்று மட்டும் சொல்லாமல், பூங்காவுக்கு நாங்கள் பங்கு போடத் தயார் என்ற கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தால் பேச்சே மாறும்.

தகவல் உரிமை மனுவில் என்ன எழுதுவது? "ஏன்" என்று கேட்டதற்குப் பதிலே வரவில்லை.

அதுதான் தவறு. 'ஏன்' என்று கேட்காதீர்கள், காகிதத்தைக் கேளுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, இன்ன வேலைக்கான எஸ்டிமேட், மன்றத் தீர்மானம், பணி உத்தரவு, எம்-புக் இவற்றின் நகல் வேண்டும் என்று எழுதுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. பதிவேடுகளை நேரில் போய்ப் பார்க்கவும் கேட்கலாம், முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை.

பலருக்குத் தெரியாத ஒன்று: நடந்துகொண்டிருக்கும் வேலையை நேரில் ஆய்வு செய்யவும், போடுகிற பொருளின் சான்றளித்த மாதிரியை எடுக்கவும் அந்தச் சட்டத்திலேயே உரிமை இருக்கிறது. மனுவின் கடைசி வரியாக அதையும் சேருங்கள். எம்-புக்கில் ஓவர்சியர் எழுதிய நீளம், அகலம், கனம் மூன்றும் இருக்கும். நகல் கைக்கு வந்ததும் அதே டேப்பை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போங்கள்.